நோட்டக்காரர் வெட்டிய பன்னிரண்டு ரூபாய்

தென்காசி தாலுகா கச்சேரியில் தாணுமாலயம் பிள்ளைக்கு நோட்டக்காரர் உத்தியோகம். கஜானாவுக்கு வருகிற ஒவ்வொரு நாணயமும் நல்லதா, கள்ளதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. சம்பளம் என்னவோ டவாலிச் சேவகனுக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். தலைக்கனம் மட்டும் தாசில்தாருக்கு மேலே.

கள்ளப்பணம் என்று அவர் வாயால் ஒரு சொல் வந்தால் போதும். மேஜையில் பொருத்தியிருந்த வெட்டுக்கத்தரியில் அதை இரண்டாக வெட்டித் துண்டுகளைக் கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். சர்க்கார் சட்டம் அப்படி. அதற்கு மேல் முறையீடு கிடையாது. கச்சேரியில் மட்டுமல்ல, சந்தையிலும் கோயில் வாசலிலும்கூட, "பிள்ளைவாள் கண்ணு பொய் சொல்லாது" என்று பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்காதவர் போல நடந்து போவதில் பிள்ளைக்கு ஒரு தனி சுகம்.

1926ஆம் வருஷம் மாசி மாதம் அச்சன்புதூர் சுடலைக்கண்ணு முத்திரைத்தாள் வாங்க வந்தார். மகள் வடிவம்மாளுக்கு ஆய்க்குடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மகள் பேருக்கு ஒரு துண்டு நிலம் எழுதிவைக்க நினைத்தார். மாப்பிள்ளை மாடக்கண்ணு வீட்டார் பரிசமாகக் கொடுத்த பன்னிரண்டு ராணி ரூபாயை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "பரிசப் பணத்துலயே பத்திரம் எழுதுனா ராசியா இருக்கும்லா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார்.

பன்னிரண்டும் விக்டோரியா ராணி தலை போட்டவை. அறுபது வருஷத்துக்கு முந்திய தேதி. ஆனால் பளபளவென்று இருந்தன. பிள்ளைக்கு அங்கேயே சந்தேகம் முளைத்தது. திருப்பிப் பூப்பக்கத்தைப் பார்த்தார். ஓரத்துப் பூவேலையின் அடியில் இருக்கிற பூவில், வழக்கமாக மேல்நோக்கி நீளும் இதழ் குட்டையாக மடங்கியிருந்தது. பன்னிரண்டிலும் அதே மடக்கு. கல்லில் தட்டினார். ஓசை நன்றாகத்தான் இருந்தது.

"எடை போட்டுப் பாத்துருவோமா?" என்றார் பக்கத்து மேஜை குமாஸ்தா சங்கரபாண்டி.

"என் கண்ணவிடத் தராசு பெருசா வேய்? கெட்டிக்காரக் கள்ளன் வெள்ளியிலயேதான் அடிப்பான். அச்சு வேற. பாத்தாலே தெரியுதே."

பன்னிரண்டையும் வெட்டினார். துண்டுகளைச் சுடலைக்கண்ணு கையிலேயே கொடுத்தார். போலீஸில் அவரைக் கூப்பிட்டு விசாரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவர் நேரே ஆய்க்குடிக்குப் போய், இருபத்துநான்கு துண்டுகளையும் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் விசிறியடித்துத் தெருவே கூடும்படி ஏசிவிட்டு வந்தார். கல்யாணம் நின்றது. அந்த வீட்டுக்குக் 'கள்ளப்பணத்து வீடு' என்று பேராயிற்று. மாடக்கண்ணு கொழும்புக்குப் போனான். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் செத்துப்போனதாகக் கடுதாசி வந்தது.

இதெல்லாம் பிள்ளை காதுக்கும் வந்தது. அயோக்கியர்களுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அதை ஒரு கதையாகவே சொல்லிவந்தார். புதிதாக வரும் ஒவ்வொரு தாசில்தாரிடமும், இதழ் மடங்கியிருந்ததைத் தாம் ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை, கையை மடக்கிக் காட்டிச் சொல்லுவார். அவர்களும் மூக்கில் விரலை வைப்பார்கள்.

1938 சாரல் சீசனில் குற்றாலத்துக்கு ஹாரிஸ் துரை என்று ஓர் அமெரிக்கர் வந்து ஐந்தருவிப் பாதையில் பங்களா எடுத்திருந்தார். மதுரைப் பக்கம் பள்ளிக்கூடம் நடத்தியவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவருடைய பாட்டனார் சேர்த்துவைத்த அமெரிக்க வெள்ளி அரை டாலர்கள் நாற்பத்துச் சொச்சம் ஒரு பெட்டியில் இருந்தன. எல்லாம் அந்த நாட்டில் நாணயச் சாலை தொடங்கிய புதிதில் அடித்தவை. எது எந்த அச்சில் விழுந்தது என்று பிரித்து எழுதிவைக்க வேண்டும் என்பது துரையின் ஆசை. ஆனால் அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. நல்ல கண் உள்ள ஆள் வேண்டும் என்று தாசில்தாரிடம் கேட்டார். தாலுகாவில் அப்படி ஒரு கண் யாருக்கு இருக்கிறது? பிள்ளை ஞாயிறுதோறும் வில்வண்டியில் போய்வந்தார்.

மூன்றாவது ஞாயிறு. பிள்ளை லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, துரை எழுதிக்கொண்டிருந்தார். கூந்தலை விரித்த பெண் தலை ஒரு பக்கம், கழுகு மறுபக்கம். எல்லாம் 1795. ஒரு காசைப் பிள்ளை ஒதுக்கிவைத்தார்.

"இது கள்ளக் காசு துரை. மத்ததுல கழுகுச் சிறகுக்குக் கீழ ரெண்டு இலை. இதுல மூணு. எவனோ தெரியாம வெட்டியிருக்கான்."

துரை சிரித்தார். "இல்லை பிள்ளை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அச்சையும் கையால்தான் வெட்டினார்கள். ஒன்று தேய்ந்தால், வெடித்தால் இன்னொன்று வெட்டுவார்கள். இலை கூடும், குறையும். நட்சத்திரம் தள்ளிப் போகும். எல்லாம் சர்க்கார் அச்சுத்தான். நம்பிக்கை இல்லையென்றால் தலைப்பக்கம் பாருங்கள்."

பிள்ளை திருப்பினார். மூன்றாவது நட்சத்திரத்திலிருந்து கூந்தல்வரை மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடியது. அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசில் அப்படித்தான் கோடு எழும். நல்லது என்று தாம் சொன்ன இரண்டிலைக் காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நாலாவதில் அதே கோடு, அதே இடத்தில், அதே வளைவில். தலை ஒன்று, கழுகு வேறு. ஒரே தலை அச்சோடு இரண்டு கழுகு அச்சுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே பட்டறையில் அடித்திருக்கிறார்கள். ஒன்று நல்லதென்றால் மற்றதும் நல்லதுதான். வேறு வழியே இல்லை.

"ரூபாய்க்கும் அப்படித்தானா துரை?"

"எந்த ஊர் நாணயச் சாலையானாலும் அப்படித்தான். ஒரே அச்சில் கோடி ரூபாய் அடிக்க முடியுமா? முப்பது வருஷமாகப் பார்க்கிறீர்களே, உங்களுக்குத் தெரியாததா!"

துரை மரியாதைக்குத்தான் சொன்னார். பிள்ளைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

திங்கட்கிழமை சங்கரபாண்டியிடம் ஏதோ சாக்குச் சொல்லி ராணி ரூபாய்ப் பை ஒன்றைத் திறக்க வைத்தார். அந்தத் தேதி போட்ட ரூபாய்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. அவற்றில் ஏழில் இதழ் மடங்கியிருந்தது. ஒன்றை எடுத்துத் தலைப்பக்கம் பார்த்தார். ராணியின் மோவாய்க்குக் கீழே ஒரு புள்ளி. இதழ் நீண்ட ரூபாய் ஒன்றிலும் அதே புள்ளி. பைக்குள் கிடந்த சீட்டில் 'பரிசோதித்தது, நல்லது' என்று எழுதி அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அவசரத்தில் அள்ளிப் போட்ட நாளில் அதே இதழ் அவர் கண்ணில் படவே இல்லை. சுடலைக்கண்ணு நீட்டியபோது மட்டும் பட்டிருக்கிறது.

"என்ன பிள்ளைவாள், எதும் கள்ளது கெடக்கா?" என்றார் சங்கரபாண்டி.

"இல்ல வேய். எல்லாம் நல்லதுதான்." அதைச் சொல்லும்போது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தராசு அதே மேஜையில் அதே இடத்தில்தான் இருந்தது.

பென்ஷனுக்கு எட்டு மாதம் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். நாலு நாள் அப்படித்தான் இருந்து பார்த்தார். சோறு இறங்கவில்லை. கையை மடக்கிக் காட்டி அந்தக் கதையைச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யார் யாரிடம் சொன்னோம் என்று எண்ணப் போய், எண்ண முடியாமல் விட்டார்.

முதலில் வடிவம்மாளிடம் போனார். அவள் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு, சீசனுக்கு ஐந்தருவியில் எண்ணெயும் சீயக்காய்த்தூளும் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இப்போது உயிரோடு இல்லை. பிள்ளை நின்றபடியே சொன்னார். அருவி இரைச்சலில் ஒரு தரம் சொன்னது கேட்கவில்லை. இரண்டாம் தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. குளித்துவிட்டு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதிய? எனக்குப் புருசன் இருக்காவ, ரெண்டு பிள்ளை இருக்கு. எங்கப்பா ஏசுனது ஆய்க்குடியில. அங்கன அந்த ஆத்தா இன்னும் இருக்கா. அவகிட்டப் போயிச் சொல்லும்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வியாபாரத்தைக் கவனித்தாள். பிள்ளை நின்றதையோ போனதையோ அவள் பார்க்கவில்லை.

மாடக்கண்ணுவின் தாய் வள்ளித்தாய் வீட்டு முற்றத்தில் புளி கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டையைத் தனியே தள்ளியபடி ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளையை அவள் கண்டதில்லை. தாம் யார் என்று சொன்னதும் பதறி எழுந்தாள். சர்க்கார் உத்தியோகஸ்தர் வந்து நிற்கிறாரே என்று பயம். அந்தப் பயமே அவரைப் பாதி கொன்றது.

வருகிற வழியெல்லாம் கூட்டிவைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "ஆச்சி, அன்னைக்கு நான் வெட்டுனது நல்ல ரூபாய். பன்னெண்டும் நல்லது. எங்கண்ணுதான் தப்பு. உங்க வீட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. தெருவுல நாலு பேரக் கூட்டுங்க, அவங்க முன்னாலயும் சொல்லுதேன்." கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தார். அதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். உள்ளுக்குள், வீட்டின் பழியைத் தாமே துடைத்துக் கொடுக்கிறோம் என்று ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

வள்ளித்தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது எங்காத்தா எனக்குத் தந்த சீதனம். நான் பிறந்ததுலருந்து பெட்டியில கெடந்த பணம். பரிசத்துக்கு முந்துன நாளு, அழுக்கா இருக்குன்னு மாடக்கண்ணுதான் எடுத்துட்டுப் போயி புளி போட்டு வெளக்கிட்டு வந்தான். ஒரு பொழுது அவங்கையில இருந்துச்சு." அவள் குரல் மெல்ல இறங்கியது. "நீங்க கள்ளப்பணம்னு சொல்லிட்டிய. பிள்ளைவாள் கண்ணு பொய் சொல்லாதுன்னாவ எல்லாரும். எங்காத்தா பணம் கள்ளதா இருக்காதுல்லா? அப்பம் வழியில எவங்கிட்டயோ மாத்திட்டான்னு நெனச்சேன். ஏலே, நீ மாத்திட்டியான்னு அவங்கிட்டக் கேட்டேன். ஒண்ணும் பேசாம நின்னான். விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல."

தெருவில் யாரையும் அவள் கூப்பிடவில்லை. பிள்ளையின் கும்பிட்ட கையை அவள் பார்க்கவும் இல்லை.

"அப்பம் அவன் மாத்தலையா பிள்ளைவாள்?" என்றாள்.

அவர் இல்லை என்றார். காது கேளாதவள் போல, அவள் மறுபடியும் அதையே கேட்டாள்.