உஷ் மேடம்

எதிரே நிற்பவர் "வலி" என்று வாயெடுத்தால் போதும், கவுண்டருக்குப் பின்னாலிருந்து "உஷ்" என்று ஒரு சத்தம் வரும். மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாளுக்கு, நர்சுகள் உஷ் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள், மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் சல்லிக்காசு தர வேண்டாம், காப்பீட்டுக் கம்பெனியே கட்டிவிடும். "லேசா குத்துது" என்று ஒரு வார்த்தை பதிவாகிவிட்டால் அது சிகிச்சைக் கணக்கு. செலவில் பங்கு நோயாளி தலையில் விழும். வலிக்காதவளுக்கு இலவசம், வலிக்கிறவளுக்குப் பில்! என்ன நியாயமோ, போங்கள். அப்படி ஒரு தையல்காரப் பெண் பில்லைப் பார்த்துப் பயந்து, படமே எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று பிறந்ததுதான் இந்த உஷ்.

"நீங்க குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கீங்க, புரியுதா? படம் பொய் சொல்லாது" என்று குரலைத் தாழ்த்தி அனுப்பிவைப்பார். "நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?" என்று கேட்கும் கணவன்மாருக்காகவே ஒரு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார். அதை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலாகப் பார்த்தால், அவர்கள் கப்சிப்.

வெளியாரை எல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவருக்குச் சொந்த அக்காவைக் கொண்டுவரத்தான் வருடக்கணக்கானது. கெஞ்சி, கோபித்து, பேச்சை நிறுத்தி, ஒருவழியாகப் போன வாரம் வரவழைத்துவிட்டார். படம் எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அக்கா முகமெல்லாம் சிரிப்பாகக் கவுண்டருக்கு வந்து, ரகசியம்போல் குனிந்தார்.

"நீ சொல்வியே, அதே மாதிரி. அக்குள்கிட்ட இருக்கிற கட்டியப் பத்தி நான் மூச்சே விடலடி."

 கைக்குத் தட்டுப்படும் கட்டி சில நேரம் படத்தில் தெரியாமல் போகும் என்று படம் எடுக்கும் பெண் எப்போதோ சொன்னது, உஷ் மேடத்துக்கு இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. இதுவரை எத்தனை பேர் வாயை அடைத்தோமோ என்று பயமாகவும் இருந்தது.

வரிசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். அக்கா மிரண்டுபோய், "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்று தொடங்கினார்.

உஷ் மேடம் அக்காவின் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவின் விரல்களை இழுத்து அந்த இடத்தில் வைத்தார்.