கூடையில் கிடந்த கைப்பேசி

சிறை அதிகாரிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை மண்டபத்தில் மூன்று நாள் நடந்தது. நான் அப்போது வேறொரு மாவட்டத்தில் பெண்கள் சிறையின் கண்காணிப்பாளர். சொந்த ஊரான ராஜபாளையத்து வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற மகிழ்ச்சி எனக்கு.

தினமும் வகுப்பு தொடங்கும் முன் கைப்பேசிகளை ஒரு பிரம்புக் கூடையில் போடச் சொன்னார் பயிற்சியாளர். “நீங்க இல்லாட்டியும் ஜெயில் ஓடணும். ஓடலேன்னா அது உங்க தப்பு” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் பாடம், பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது. என் முறை வந்தபோது, நான் இல்லாத நேரத்தில் ஜெயிலரே முடிவெடுப்பார் என்று சொன்னேன். கைதட்டினார்கள். நான் சொன்னது பொய். முந்தைய ஆண்டு அந்த ஜெயிலர், பொறுப்பிலிருந்த ஒரு நாளில், ஒரு கைதியின் அவசர விடுப்புக்குத் தாமாகவே கையெழுத்திட்டார். கைதி சொன்ன நாளில் திரும்பிவிட்டாள். ஆயினும் காவலர்கள் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டேன். அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் அவர் பேனாவைத் திறப்பதில்லை. அதை நான் ஒழுங்கு என்றே நினைத்திருந்தேன்.

மாலைத் தேநீரின்போது கைப்பேசி கைக்கு வந்தது. ஜெயிலர் பதினோரு முறை அழைத்திருந்தார். திருப்பி அழைத்தேன்.

“நம்ம தையல் கூடத்துல இருக்குற கைதி, அந்தச் சுந்தரபாண்டியத்துப் பொண்ணோட அம்மா இறந்துட்டாங்கம்மா. நீங்க வகுப்புக்குள்ள போன கொஞ்ச நேரத்துலயே தகவல் வந்துருச்சு. வழிக்காவலுக்குப் போலீசும் வந்து நிக்கிறாங்க.”

“கையெழுத்துப் போட வேண்டியதுதானே?”

“நீங்க சொல்லாம எப்படிம்மா போடுவேன்?”

குரலில் குத்தல் சிறிதும் இல்லை. அவளை உடனே அனுப்பச் சொல்லிவிட்டு, வகுப்பை விட்டு வெளியேறினேன். சுந்தரபாண்டியம் அங்கிருந்து சிறிது தூரம்தான். காலையிலிருந்து அத்தனை அருகில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவளுடைய தம்பி ஈரத்தலையோடு வீட்டு வாசலில் நின்றிருந்தார். சிறையிலிருந்து வருகிறேன் என்றதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். காரில் வேறு யாரும் இல்லை.

“இப்பத்தான் முடிச்சிட்டு வாரோம். அக்கா வந்துருவா, வந்துருவான்னு மூணு மணி வரைக்கும் வச்சிருந்தோம். சொந்தக்காரவுக சத்தம் போடுதாக. எம்புட்டு நேரந்தான் வைக்க?” என்றார். பிறகு, “ஒக்காருங்கம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

அடக்கம் முடிந்த செய்தி அதற்குள் சிறைக்கும் போய்விட்டிருந்தது. அவள் கிளம்ப மறுத்துவிட்டாள். நான் சிறைக்குத் திரும்பியதும் என் முன் வந்து நின்றாள்.

“அங்கனதான் இருந்தீகளாமே. எங்கம்மா மொகத்த நீங்களாச்சும் பாத்தீகளா?”

“இல்லை” என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தையல் கூடத்துக்குப் போனாள்.

அடுத்த வாரம் என் பயிற்சிச் சான்றிதழ் சட்டமிடப்பட்டு வந்தது. ஜெயிலர் அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

“எந்தச் சுவர்ல மாட்டணும்னு நீங்களே சொல்லிருங்கம்மா.”