ஈஸ்டர் மதியத்தில் நான்கு கிளாஸ்

எங்கள் ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஈஸ்டர் விருந்தென்றால் ஆண்கள் பாட்டியோ என்கிற பின்முற்றத்தில் பாட்டிலோடு உட்காருவார்கள். பெண்கள் கிச்சனில் பிரியாணியோடு நிற்பார்கள். பதினொரு ஈஸ்டருக்கு நானும் நின்றேன். பன்னிரண்டாவது எங்கள் வீட்டில். இந்த முறை என் கையால் ஒன்று கலந்து, உட்கார்ந்து குடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வீம்புதான், மறுக்கவில்லை.

ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி கிரேக்கப் பெண். ஊருக்குப் போய் வந்தபோது சிப்பூரோ என்ற திராட்சைச் சாராயம் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு கசப்பான சிவப்பு மதுவும் வெர்மூத் என்ற இனிப்பு ஒயினும் சம அளவு சேர்த்து, சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கவேண்டும் என்றாள்.

"ஒயின் வாங்கி வச்சா போதாதா? உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர். அப்படிக் கேட்ட பிறகு செய்யாமல் இருக்க முடியுமா?

முந்தின நாளே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கூட்டத்துக்குச் சமைத்த பழக்கம். மூடியைத் திறந்ததும் சோம்பு வாசனை. முக்கால் பாட்டிலை ஜக்கில் ஊற்றி ஐஸ் போட்டேன். கண்ணெதிரே வெள்ளையாகிவிட்டது. திரிந்த பாலைப் பார்த்தால் நம் கை யோசிக்காதே, அதே வேகத்தில் சிங்கில் கொட்டிவிட்டேன். அப்புறம்தான் அவளுக்கு போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சோம்பு சேர்ந்த சாராயத்தில் ஐஸ் கரைந்தால் வெள்ளையாகத்தான் ஆகுமாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிச்சத்தை அளந்தேன். நான்கு கிளாஸுக்கு வரும். கிச்சன் கோஷ்டியும் என்னோடு சேர்த்து நான்கு பேர்.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். கலந்தேன், ஐஸ் போட்டேன், ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து மேலே போட்டேன். லேசாகக் கலங்கிய சிவப்பு. முதல் கிளாஸ் எங்களில் மூத்த ஆன்டிக்கு. ஜூஸைத் தவிர வேறெதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஐய, கசக்குது," என்றார். இன்னொரு வாய் குடித்தார். "ஆனா நல்லாருக்கும்மா. இத ஏன் நின்னுக்கிட்டு குடிக்கணும்?"

அவரே முன்னால் நடந்தார். கிளாஸோடு நாங்கள் மூவரும் பின்னால். பாட்டியோவில் ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். நான் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

ஆன்டியின் கணவர் என் கிளாஸையே பார்த்தார். "எங்களுக்கு இல்லையாம்மா?"

"நாலுதான் வந்துச்சு, அங்கிள்."

"நீங்க போய் பிரியாணிய சூடு பண்ணுங்க," என்றார் ஆன்டி அவரிடம். "நாங்க குடிச்சிட்டு வர்றோம்."

அங்கிள் தன் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போனார். அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று அவர் கேட்கும் சத்தம் வந்தது. எழப்போன என் கையை ஆன்டி பிடித்துக்கொண்டார். என் கணவர்தான் எழுந்து போனார்.