மதில் தெய்வத்துக்கு ஒரு விளக்கு

2009 ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை. காலையில் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி பாதி நிறைந்தபோது கரண்டு போயிற்று. இரண்டு தோசை, தேங்காய்ச் சம்மந்தி. மதியத்துக்குத் தயிர்ச்சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும். ஓணம் நெருங்கிவிட்டதால் தோவாளைப் பூச்சந்தைக்கு முன்னால் கேரளத்து வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. கேந்திப்பூ மூட்டைகளுக்கு நடுவே பேருந்து ஊர்ந்து வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. நாகர்கோவிலில் அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது சூப்பிரண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஓய்வூதியக் கோப்புகள் மேசையில் முந்திய வெள்ளியன்று நான் அடுக்கிவைத்தபடியே இருந்தன. மேலிருந்து எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அன்று இரவுக்குள் நான் ஒருவரைத் தண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரை இழக்க வேண்டும். அந்த நினைப்போடுதான் இத்தனை வேலையையும் செய்தேன்.

நான் அப்போது ஒரு தெய்வமாக இருந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான்.

என் தங்கை மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்த வருடங்களில் என் வீட்டில் தங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் அவளுக்காக வாங்கியது. 2004 வாக்கில் அவள் ஒரு விளையாட்டில் சேர்ந்தாள். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ‘நீ ஆற்றங்கரையில் நிற்கிறாய். தெற்கே நாணல் காடு’ என்று ஆங்கிலத்தில் திரையில் வரும். தெற்கே போ என்று தட்டினால் நாணலுக்குள் போவோம். அங்கே வேறு தேசத்து ஆள் யாராவது வணிகனாகவோ வீரனாகவோ வேடம் கட்டி நிற்பார்; அவரும் தட்டிப் பேசுவார். அவள் விளையாடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவேன். பிறகு நானும் ஒரு நாணல் வெட்டுகிறவளாகச் சேர்ந்தேன். கல்யாணமாகி அவள் பெங்களூர் போனாள். கம்ப்யூட்டர் இங்கேயே நின்றுவிட்டது. நானும் விளையாட்டை விடவில்லை.

அந்த உலகில் இரண்டு கட்சிகள் உண்டு: ஆற்றின் மக்கள், மதிலின் மக்கள். இரு பக்கமும் தெய்வம் உண்டு. அந்தத் தெய்வத்தை நடத்துவதும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்தான். ஆற்றுத் தெய்வமாக இருந்தவர் விலகியபோது, விளையாட்டை நடத்துகிறவர்கள் அந்த இடத்தை எனக்குத் தந்தார்கள். ஒரு நாளும் தவறாமல் வருகிறவள், எழுத்துப் பிழை விடாதவள் என்று காரணம் எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் யாரும் எனக்கு அப்படி எழுதித் தந்ததில்லை.

தெய்வத்துக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. தெய்வம் பேசக் கூடாது. அடியார் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டால் ஒரே ஓர் அடையாளம் காட்டலாம், அதுவும் தண்ணீரைக் கொண்டு மட்டும். தெய்வத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று விளையாடுகிறவர்கள் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

நான் பொறுப்பேற்றபோது ஆற்றின் மக்கள் கோயில் நிறைய இருந்தார்கள். மதில் கட்சி போரில் ஜெயிக்க ஜெயிக்க ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் தினமும் கோயிலுக்கு வருகிறவர் ஒரு தோணிக்காரர் மட்டும்தான்.

நான் அலுவலகம் விட்டு வந்து விளக்கேற்றிவிட்டு உட்காரும் நேரம் அவருக்கு எங்கேயோ காலை. வருவார், வணங்குவார், நடந்ததைச் சொல்லுவார். ‘தாயே, இன்று ஒரு கிழவி கோழியோடு ஏறினாள். நடு ஆற்றில் கோழி குதித்துவிட்டது. கோழிக்கும் கூலி கேட்டேன், திட்டுகிறாள்.’ நான் யோசித்து ஓர் அடையாளம் எழுதுவேன்: ‘அலையில் ஒரு வெள்ளைச் சிறகு மிதந்து வந்து உன் காலடியில் ஒதுங்குகிறது.’ அவர் சிரிக்கிறார் என்று திரையில் வரும். பிறகு ஆடு கறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். நிஜத்தில் அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் அது என்று நான் ஊகித்து வைத்திருந்தேன். அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு, எதுவும் தெரியாது. நான் வேலை முடிந்து வந்தால் அன்று நடந்ததை என்னிடம் சொல்ல ஓர் ஆள் இருந்தார். நான் திரும்பச் சொல்ல முடியாதது பெரிய குறையாகப் படவில்லை. வீட்டில் நான் தனி; யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டின் நடுவில் மதில் தெய்வத்தின் திருவிழா வந்தது. தோணிக்காரர் வந்து கேட்டார்: ‘தாயே, மதிலுக்குள் என் தங்கை இருக்கிறாள். விழாவுக்கு வரச் சொல்லி ஓலை அனுப்பியிருக்கிறாள். போகலாமா?’

எங்கள் குடும்பத்துக்குச் சுடலைமாடன். வடக்குத் தெருவுக்கு இசக்கியம்மன். அவர்கள் கோயில் கொடைவிழாவுக்கு நாங்கள் எண்ணெயும் தேங்காயும் கொண்டுபோவோம். எங்கள் கொடைக்கு அவர்கள் வருவார்கள். அடுத்த சாமியின் பீடத்துக்கு ஒரு திரி போடாமல் தாண்டிப் போவதுதான் எங்கள் ஊரில் மரியாதைக்கேடு. சாமி வந்து ஆடுகிறவர்கூட முதலில் பக்கத்துப் பீடத்தில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருவார். அதனால் யாருக்கும் குலசாமி மாறிப்போனதில்லை. வெறுங்கையோடு விழாவுக்குப் போகிற ஆளைத்தான் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நான் எழுதினேன்: ‘உன் தோணியின் முன்முனையில் ஒரு விளக்கு ஆற்று நீரால் எரிகிறது. சுடர் மதிலின் பக்கம் சாய்கிறது.’

அவர் புரிந்துகொண்டார். கோயிலிலிருந்து விளக்கை எடுத்துப்போய் மதில் தெய்வத்தின் முன்னால் வைத்தார்.

அந்த உலகில் ஒரு பீடத்தில் விளக்கு வைப்பது என்றால் அந்தத் தெய்வத்துக்குச் சத்தியம் செய்து கொடுப்பது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி விளக்கு வைத்துத்தான் ஆற்றின் மக்களில் சேர்ந்தேன். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக நினைக்கவில்லை. அது சேருவதற்கு வைக்கிற விளக்கு, இது மரியாதைக்கு வைக்கிற விளக்கு என்றே என் மனம் எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. விளக்கு எரிந்த கணத்தில் அவர் மதிலின் ஆள் ஆனார். ஆற்றுக் கோயிலின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. இரு கட்சிக்காரரும் சாதாரணமாகப் பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காது என்பது அங்கே விதி. வேண்டுதலும் அப்படித்தான், தெய்வத்தை எட்டாது. இரு கட்சியும் படிக்கிற பொதுப் பலகையில் மதில்காரர்கள் எழுதி மாளவில்லை. ‘ஈரத் தெய்வம் காய்வதற்கு நம் மதிலுக்கே வந்துவிட்டது’ என்று ஒருவர். ‘இனி துணி துவைக்க அந்த ஆற்றைப் பயன்படுத்தலாமா?’ என்று இன்னொருவர்.

நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேட்டேன். நடந்தது நடந்ததுதான் என்றார்கள். ஒரு வழி மட்டும் உண்டாம்: கட்சி மாறியவரை அவருடைய பழைய தெய்வம் தண்டிக்கலாம். தண்டித்தால் அவர் மதிலின் ஆளாக இருக்க மாட்டார், தள்ளிவைக்கப்பட்டவர் ஆவார். பரிகாரம் செய்து ஆற்றுக்குத் திரும்பலாம். ஆற்றுத் தெய்வத்தின் தண்டனை ஒன்றே ஒன்றுதான், தோணியை முழுக வைப்பது. அந்தத் தோணியை அவர் இரண்டு வருடம் மரம் சேர்த்துக் கட்டியிருந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் நான் தண்டிக்கவில்லை என்றால் அவர் பெயர் மதிலின் பட்டியலில் நிலைத்துவிடும்.

அந்த 31ஆம் தேதி மதியம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அலுவலகத்தில் என் தெய்வ வேலை தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

“எக்கா, என்ன மொகம் வாடிக் கெடக்கு? ஒங்க தெய்வத்துக்குப் பூசை கொறவா?”

“ஒருத்தர சபிக்கணும்.”

“ஆர, சூப்பிரண்டையா? சபியுங்க எக்கா, நான் ஆமென் சொல்லுதேன்.”

விஷயத்தைச் சொன்னேன். அவள் மீன்குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா ஒங்களுக்கு வேண்டி உபவாச ஜெபமே வச்சிருவாரு, கேட்டியளா. செரி, அந்த ஆளுக்க பேரு என்ன?”

“தோணிக்காரரு.”

“அது தொழிலு. பேரு?”

“தெரியாது.”

“ஆணா பொண்ணா?”

“தெரியாது.”

“அப்பம் அந்த ஆளு போனா ஒங்களுக்கு என்ன எக்கா?”

“பேசாம சாப்பிடுட்டி” என்றேன். அவள் பேசாமல் ஒரு மீன் துண்டை எடுத்து என் டப்பாவில் வைத்தாள். நான் மீன் தின்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் கை கழுவப் போனபோது மூடியில் எடுத்து வைத்தேன்.

மாலை வீட்டுக்கு வந்ததும் தங்கை மகளுக்குப் போன் செய்தேன். பின்னால் குக்கர் சத்தமும் குழந்தை அழுகையும் கேட்டன.

“பெரிம்மா, நீங்க இன்னுமா அத வெளையாடுதிய?”

நடந்ததைச் சொன்னேன்.

“வெளக்கு வைக்கச் சொன்னியளா? எதுக்கு பெரிம்மா? அங்க வெளக்கு வச்சா ஆளு மாறியாச்சுன்னுல்லா அர்த்தம்.”

“நம்ம கொடைக்கு வடக்குத் தெருக்காரங்க வந்து வெளக்கு வைக்கல்லியா? அவங்க என்ன இசக்கிய விட்டுட்டா போனாங்க?”

“அது நம்ம ஊரு. அவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? செரி, சபிச்சிருங்க. தோணி முங்கினா இன்னொண்ணு கெட்டிக்கிடுவாரு. வெளையாட்டுதான.”

“நானே போகச் சொல்லி, போனதுக்கு நானே முக்கவா?”

“அப்பம் விட்டிருங்க.”

“விட்டா வர மாட்டாரு மக்கா.”

குழந்தையின் அழுகை போனுக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு, “பெரிம்மா, கொச்சு அழுதா. நாளைக்குக் கூப்பிடுகேன், என்ன?” என்றாள். சரி என்றேன்.

விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். வழக்கமான நேரத்தில் தோணிக்காரர் வந்தார். கோயிலுக்குள் வர முடியாததால் கரையில் தோணியைக் கட்டி அதிலேயே உட்கார்ந்தார். வேண்டினால் எனக்கு எட்டாது. ஆனால் ஆற்றின் மேல் யார் என்ன வாய்விட்டுச் சொன்னாலும் ஆற்றுத் தெய்வத்தின் திரையில் தெரியும். அது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

‘நீங்கள் காட்டியபடிதான் செய்தேன்’ என்றார். ‘நான் தவறாகப் புரிந்துகொண்டேனா?’ பிறகு துடுப்பை எடுத்துக் கரையில் வைத்தார். தோணியில் இருந்த வலை, வாளி, பாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். இறக்கி முடித்து, வெறும் தோணியில் ஏறி உட்கார்ந்து, ‘கோபமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், தாயே’ என்றார்.

திரும்பிவரும் வழி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் கேட்டார். நான் ஒரு வரி தட்டினால் போதும். தோணி முழுகும், அவர் பரிகாரம் செய்வார், கார்த்திகைக்குள் கோயிலுக்கு வந்துவிடுவார். கிழவியையும் கோழியையும் பற்றி மறுபடி சொல்லுவார். ஆனால், தான் ஏதோ பிழை செய்ததாகவும் ஆறு அதற்காகத் தண்டித்ததாகவும் நினைத்துக்கொண்டேதான் இனி ஒவ்வொரு நாளும் என் முன்னால் நிற்பார். அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. அடையாளம் ஒன்று காட்டலாம் என்றால் அதுவும் என் அடியாருக்குத்தான். அவர் இப்போது இன்னொரு தெய்வத்தின் ஆள்.

கட்டளையைத் தட்டினேன். அனுப்பும் முன் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். நான் அனுப்பியது ஒன்றும் இல்லை.

அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பாயை எடுத்துத் தோணியில் வைத்தார். வாளி, வலை, துடுப்பு. ஆடு கறக்கப் போகிறேன் என்று அன்று சொல்லவில்லை. சொல்லாமலே போனார்.

திரையில் ஆறு மட்டும் இருந்தது. ‘நீர் தெற்கே ஓடுகிறது’ என்ற வரி. யாரும் இல்லாதபோது ஆற்றுத் தெய்வத்துக்கு அது ஒன்றுதான் தெரியும். காலையில் செய்த சம்மந்தி மிச்சம் இருந்தது. சோற்றில் போட்டுச் சாப்பிட்டேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் பேருந்து தாமதம், மோட்டார், போன் பேசியது எல்லாம் எழுதினேன். தோணிக்காரரைப் பற்றி என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை. ‘தண்டிக்கவில்லை’ என்று எழுதினேன்.

படுத்தபின் பக்கத்து இருக்கைக்காரி கேட்டது நினைவில் வந்தது. பேர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. தெய்வம் கேட்கக் கூடாது என்பதால் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டுமானால் அவர் இருக்கிற கட்சியில், அவரைப் போலவே ஓர் ஆளாக இருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு கம்ப்யூட்டரைப் போட்டேன். அவருக்கு அது சாயங்காலமாக இருக்கும். ஆற்றுத் தெய்வத்தின் இடத்தை விட்டுவிடுகிறேன் என்று நடத்துகிறவர்களுக்கு எழுதி அனுப்பினேன். பிறகு புதிதாக வருகிறவர்களின் வாசல் வழியாக, பாய் முடைகிற ஒரு பெண்ணாக உள்ளே போனேன். எந்தத் தெய்வத்தின் ஆள் என்று வாசல் கேட்டது. மதில் என்று தட்டினேன்.