பூசணிக்காய் சுற்றிப் பறந்த ஹெலிகாப்டர்

1. வேறு யாரும் சொல்லாத புகார்

எங்கள் கம்பெனி புது டிசைன் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கியது. அதைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று லாக் புக்கில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் நான். சென்னை ஹேங்கருக்கு வந்த முதல் நாளே சிப் லைட் எரிந்தது. கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத் துகள் சேர்ந்தால், உள்ளே இருக்கும் காந்தப் பிளக் அதைப் பிடித்து விமானிக்கு மஞ்சள் விளக்குக் காட்டும். கழற்றிப் பார்த்தேன், பிளக் சுத்தமாக இருந்தது. ஒயர் கனெக்டர்தான் தளர்ந்திருந்தது.

தயாரித்தவர்களின் பிரதிநிதிக்கு போன் போட்டேன். "உலகத்துல வேற எந்த ஆபரேட்டரும் இப்படி கம்ப்ளைன்ட் சொல்லல சார்" என்றார். எப்படிச் சொல்வார்கள்? வேறு யாரும் அதை இன்னும் வாங்கவில்லை. பரிசோதனை எலியாக நாங்கள்தான் முதலில் பணம் கட்டியிருந்தோம்.

2. மேனேஜரின் வைத்தியம்

மேனேஜர் ஞானசேகரன் சேத்தியாத்தோப்புக்காரர். அவர் கண்டுபிடித்த காரணம் வேறு.

"புது வண்டிங்க. கண்ணு பட்டிருக்குது. வேற ஒண்ணுமில்ல."

பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அதற்குள் நான் கனெக்டரை இறுக்கியிருந்தேன். லைட் அணைந்தது. பெயர் பூசணிக்காய்க்குப் போனது. அதன் பிறகு லைட் எரியும்போதெல்லாம் இதே கதைதான். நான் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டுவேன், அவர் சுற்றி உடைப்பார், நான் கையெழுத்துப் போடுவேன். ஹேங்கரில் ஸ்பேர் பார்ட்ஸ் இருந்ததோ இல்லையோ, பூசணிக்காய் எப்போதும் இருப்பு இருந்தது.

3. மாப்பிள்ளை ஊர்வலம்

என் சொந்த ஊர் விருத்தாசலம். அங்கே ஒரு பீங்கான் கம்பெனி முதலாளி, மகனைச் சேத்தியாத்தோப்பு கல்யாண மண்டபத்துக்கு ஹெலிகாப்டரில் அனுப்ப ஆசைப்பட்டார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஹெலிகாப்டரில் போக ஒரு மாதம் அலைந்து அனுமதி வாங்கியிருந்தார்கள்.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இறங்கினோம். இறங்கும்போதே லைட் எரிந்தது என்று விமானி கேப்டன் ஷீலா சொன்னார். இந்த ஹெலிகாப்டரை ஆரம்பத்திலிருந்து ஓட்டியவர் அவர். மேனேஜர் பூசணிக்காயோடு தயாராக இருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா அருகே வந்தார். "முகூர்த்தம் பத்தரைக்குங்க. பூசணிக்கா பத்தலன்னா சொல்லுங்க, வண்டியில கொண்டாந்து எறக்கிடலாம்."

மேனேஜர் சுற்றி உடைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆஃப் ஆயிடுச்சி பாருங்க. கையெழுத்து போடுங்க." பேட்டரியை நிறுத்தியிருந்தோம். எல்லா லைட்டும்தான் அணைந்திருந்தன.

நான் பிளக்கைக் கழற்றினேன். இறக்கையின் காற்றில் கிளம்பிய வெள்ளை மண் என் துணியில் அப்பிக் கிடந்தது. அதனால் பிளக்கை விரலால் துடைத்தேன். சுருக்கென்று குத்தியது. வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு ஓர் இரும்புச் சில்லு.

பிரதிநிதிக்கு போன் செய்தேன். "புது கியர் பழகுற வரைக்கும் அப்படித்தான் சார் உதிரும். தொடச்சிட்டு ஓட்டுங்க" என்றார். ஓட்டப்போவது அவரல்ல.

"கையெழுத்து போட மாட்டேன். இது கெளம்பாது" என்றேன்.

"பொண்ணு வூடு எங்க ஊருங்க. நாளைக்கி நான் எப்பிடித் தலைகாட்டுவேன்? எத்தினியோ தடவ போட்டீங்க, இன்னிக்கி மட்டும் என்னா?" என்றார் மேனேஜர்.

நான் லாக் புக்கை மூடினேன். மாப்பிள்ளை காரில் போனார். முகூர்த்தத்துக்கு வெகு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

கியர்பாக்ஸைப் பிரித்தபோது ஒரு பேரிங் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பறந்திருந்தால் கியர்பாக்ஸ் வானத்திலேயே இறுகி நின்றிருக்கும். பக்கத்தில் நின்ற ஷீலா கேட்டார்: "முன்னாடி எரிஞ்சப்பவும் இந்த மாதிரி சில்லு இருந்திச்சா சார்?"

"தெரியலம்மா. நான் பாக்கல. தொடச்சிட்டேன்."

மேனேஜரைக் கேலி செய்துகொண்டே நானும் அவரைப் போலத்தான் இருந்திருக்கிறேன். அவர் கையில் பூசணிக்காய், என் கையில் துணி. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களே, புது மெஷின் தொல்லை தரத்தான் செய்யும். அந்தத் தொல்லைக்குப் பழகிப்போவதுதான் ஆபத்து.

ஷீலா என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு நான் பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றார், நான் ஓய்வு பெற்ற நாள்வரை. நிற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.