விரிசல் இல்லாத ஹீட்டர்

மெல்பர்னில் ஹீட்டர் ரிப்பேர் செய்பவனுக்கு ஒரு வசதி உண்டு: குளிரில் விறைத்துப்போனவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

அந்த வசதியை நான் எப்படியெல்லாம் பயன்படுத்திக்கொண்டேன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதக் காலையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, சுவரில் இருக்கும் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்து, வேறு வழியில்லாமல் போனை எடுத்தவர்கள்தானே நீங்கள். என் வீட்டு ஹீட்டர் மக்கர் பண்ணினால் நானும் முதலில் பட்டனைத்தான் தட்டுகிறேன்.

ஈரோட்டில் மெக்கானிக்கல் படித்தவன் நான். இங்கே வந்து காஸ் வேலைக்கு லைசென்ஸ் எடுத்து, வெரிபீ என்ற புறநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் வேனில் ஏழு வருஷம் சுற்றினேன். இந்த ஊர் வீடுகளில் கூரைக்குள்ளேயோ பின்பக்கச் சுவரை ஒட்டியோ ஒரு பெட்டி இருக்கும். அதில் காஸ் எரிந்து, சூடான காற்று குழாய் வழியாக அறைக்கு அறை போகும். அந்தப் பெட்டிதான் எனக்குச் சோறு போட்டது.

மாவு பொங்கிய வீடு

பழைய மர வீடு. ஹாலில் கருகல் வாடை வருகிறது, காஸ் கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது என்று சென்னைத் தம்பதி கூப்பிட்டார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. தரையில் சூடான காற்று வரும் கம்பி மூடியைக் கழற்றினேன். குழாய்க்குள் தோசை மாவு வழிந்து, காய்ந்து, வறுபட்டுக் கிடந்தது. மெல்பர்ன் குளிரில் மாவு எங்கே புளிக்கிறது? பாத்திரத்தை அந்த மூடி மேல் வைத்திருக்கிறார்கள், ராத்திரி அது பொங்கியிருக்கிறது. நீங்களும் வைத்திருப்பீர்கள். நானும் வைத்திருக்கிறேன்.

ஈரத்துணியால் துடைக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆனால் ஆள் வாசலுக்கு வந்தாலே ஒரு கட்டணம் உண்டு. ஐந்து நிமிஷ வேலைக்கும் அதுதான், ஒரு மணி நேர வேலைக்கும் அதுதான். போனில் கூப்பிடும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு "குழாய் பரிசோதனை" என்று பில்லில் இன்னொரு வரி சேர்த்தேன். அவர்கள் சுட்டுக் கொடுத்த தோசையில் நாலும் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்தப் பெண் அக்கறையாகக் கேட்டார்: "அண்ணா, மாவு வைக்கறதுக்கு வேற எந்த ரூம் நல்லாருக்கும்?"

இரண்டு பேட்டரி

புதிதாக வீடுகள் கட்டிய குடியிருப்பு ஒன்றில் ஒரு மதுரைக்காரப் பையன். கல்யாணம் ஆகாதவன், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மூன்று நாளாக ஹீட்டர் ஓடவில்லை என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தான். சுவரில் இருந்த கன்ட்ரோலரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேட்டரி தீர்ந்திருந்தது. கடையில் நாமே வாங்கிப் போடுகிற சாதாரண பேட்டரி, இரண்டே இரண்டு.

அதைச் சொல்லிவிட்டுப் பணம் வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் வாங்கக் கூச்சமாக இல்லை, அதுதான் கேவலம். அவன் மீட்டிங்கில் இருந்தபோது பேட்டரியை மாற்றினேன். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்பேனரால் அங்கேயும் இங்கேயும் தட்டி முக்கால் மணி நேரத்தைக் கழித்தேன். தூறல் வேறு. வேலை முடிந்தது என்று உள்ளே வந்தபோது அவன் டீ போட்டு வைத்திருந்தான். "இவ்ளோ குளிருல வெளிய நின்னு கஷ்டப்பட்டிருக்கீங்கண்ணே, மொத இதக் குடிங்க."

வசந்தி அக்கா

அவர் பெயர் வசந்தி இல்லை. ஏன் மாற்றினேன் என்பது கடைசியில் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை, இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. அந்த மாதம் எங்கள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, புதுப் பெட்டி விற்காதவர்கள் யார் என்று கேட்டிருந்தார். இரண்டு மாதமாக விற்காதவன் நான் ஒருவன்தான். கூட வேலை செய்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா வீட்டு ஹீட்டர் பற்றிக்கொண்டு உடனே அணைந்துவிடும். தீ எரிகிறதா என்று பார்க்கும் சின்னக் கம்பியில் கரி படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் தீரும் விஷயம். நான் தேய்க்கவில்லை. உள்ளே தீ எரியும் இரும்புக் கூட்டில் விரிசல் விழுந்திருக்கிறது, அது வழியாக மணமில்லாத விஷவாயு வீட்டுக்குள் வரும், தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று சொன்னேன். விரிசல் விழுந்தால் அப்படி ஆகும் என்பது சத்தியமான உண்மை. அங்கே விரிசல்தான் இல்லை. பிள்ளைகள் படுக்கும் அறை எது என்று வேறு கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

புதுப் பெட்டி ஐயாயிரம் டாலருக்கு மேல். அவர் தன் குசினியில், அதாவது சமையலறையில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சனி, ஞாயிறும் வேலைக்குப் போனால் கட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேண்டுமானால் விரிசலைக் காட்டுகிறேன் அக்கா என்று நான் எழுந்தேன், எழுந்த மாதிரி பாவனை செய்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "காட்டத் தேவையில்லை தம்பி. தமிழ்ப் பிள்ளை நீங்கள், எனக்கேன் பொய் சொல்லப் போறியள்?"

நல்ல பெயர்

அடுத்த குளிர்காலத்தில் என் போன் ஓயவில்லை. தமிழ்ப் பள்ளி வாசலில், கோயிலில், வேலை இடத்தில் என்று அக்கா போன இடமெல்லாம் என் நம்பரைக் கொடுத்திருந்தார். "தன்ர பிள்ளையளைக் காப்பாத்தின ஆள் எண்டு சொன்னவ" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னால் ஒரு வீட்டிலும் பொய் சொல்ல முடியவில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள், ஒரு வீட்டில் மாட்டினால் எல்லா வீட்டிலும் மாட்டுவேன் என்ற பயம். விற்பனை இல்லாததால் கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பியது. நானே ஒரு பழைய வேன் வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கினேன்.

அப்படித்தான் நஸீர் நானா வீட்டுக்குப் போனேன். இலங்கை முஸ்லிம், அவர்கள் அண்ணனை நானா என்பார்கள்; துணிக் கடை வைத்திருக்கிறார். குளிர் தொடங்கினதிலிருந்து காலையில் எழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி என்றார். விஷவாயுவை அளக்கும் மீட்டரைக் கொண்டு போய் வைத்தேன், கத்தியது. உடனே காஸை மூடினேன். சின்னக் கேமராவை இரும்புக் கூட்டுக்குள் விட்டுப் பார்த்தால் விரல் நீளத்துக்கு விரிசல். நான் எந்தப் பொய்யைச் சொன்னேனோ அதுவே நிஜமாக என் எதிரில் இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், புதுசுதான் போட வேண்டும் என்றேன். அவர் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "இதுக்கு முன்ன வந்த ரெண்டு பேரும் இதத்தான் சொன்னாங்க தம்பி, நான் நம்பல்ல. வசந்தி சொன்ன ஆள் நீங்க, நீங்க சொன்னா நம்புறன்."

குசினியில்

உண்மை சொன்ன இரண்டு பேரை விரட்டிவிட்டு, பொய் சொன்னவனுக்காக அந்தக் குடும்பம் காத்திருந்திருக்கிறது. நான் வருவது இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால்? அந்தக் கேள்வியோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. வேனை நேராக வசந்தி அக்கா வீட்டுக்கு விட்டேன்.

அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, உப்புத்தாள், முதலாளி, பிள்ளைகள் அறை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். "அந்த வருசம் முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில நிக்கேல்லை" என்றார், என்னைப் பார்க்காமல். கம்பெனி எனக்குத் தந்த கமிஷன் அளவுக்கு வழியில் ஏடிஎம்மில் எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெட்டி விலையில் மிச்சத்தையும் மாதாமாதம் தருகிறேன், நீங்கள் அனுப்பிய எல்லோரிடமும் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி. இருபது வீட்டுக்கு உங்களை நல்லவரெண்டு சொல்லி அனுப்பினனான். இனி வெக்கம் எனக்குத்தான்."

ஆகவே ஹீட்டர் வைத்திருக்கும் மக்களே, விரிசல் என்று எவன் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அதுவும் அவன் என்னைப் போல நல்ல பெயர் எடுத்தவனாக இருந்தால் டார்ச்சை நீங்களே பிடியுங்கள்.