பஸ் ஹாரனுக்குத் திரும்பாத மட்டக்குதிரை

1. சாந்தோம் ரோட்டில்

பஸ் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. ஹாரன் கேட்டதுமே என் குதிரை காதைப் பின்னுக்குத் திருப்பி ஓரமாக ஒதுங்கிவிட்டது. எனக்கு முப்பது கஜம் முன்னால் வக்கீல் வைத்தியநாத ஐயர் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே இருந்தது ஒரு வெள்ளை மூஞ்சித் தக்காணி மட்டக்குதிரை. இன்னும் விலை முடியவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்தோம்.

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். குதிரை திரும்பவில்லை. ஐயரும் திரும்பவில்லை. நான் அடித் தொண்டையில் "ஐயா! ஓரம்!" என்று கத்தினேன். இரண்டு பேரும் கோயில் உற்சவத்தில் போகிற மாதிரி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் கிறீச்சென்று வளைந்து மணலில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. அதன் மட்கார்டுக்கும் குதிரையின் வாலுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

டிரைவர் குதித்து இறங்கினான். "இன்னாயா, காதுல பஞ்சு வச்சிக்கினு கீறியா? சாவறதுக்கு என் வண்டிதான் ஆப்ட்டுதா?"

ஐயர் அப்போதுதான் பஸ்ஸைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அது ஒரு நொடிதான். உடனே சிரித்துக்கொண்டு என்னிடம், "பாத்தியா தணிகாசலம்? இவ்வளவு பெரிய பஸ் பக்கத்திலே வந்து நிக்கறது, இது அசையவே இல்லையே! இதுதான் எனக்கு வேண்டிய குதிரை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குதிரையை விற்க வந்த காதர் பாய் நம்மை ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது.

2. சந்தேகப்படுவதற்குச் சம்பளம்

அப்போது எனக்கு முப்பத்தோரு வயது. அடையாற்றில் ஆற்றை ஒட்டி ஏகாம்பர முதலியார் ஒரு குதிரை லாயம் வைத்திருந்தார். சவாரிக்கு வாடகைக் குதிரை விடுவார்; சொந்தமாக வாங்க நினைப்பவர்களுக்குக் குதிரை தேடியும் கொடுப்பார். வருகிற குதிரையைச் சோதித்துத் தேறும், தேறாது என்று சொல்வது என் வேலை. சேர்ந்த முதல் நாள் முதலியார் சொன்னது இது:

"இத பாரு நைனா, குதிரைய விக்க வர்றவன் வாயத் தொறந்தா பாதிதான் நெசம். அந்த மீதிப் பாதிய கண்டுபுடிக்கத்தான் ஒனக்குச் சம்பளம்."

ஏழு வருஷத்தில் நான் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. பல்லை அராவி வயதைக் குறைப்பார்கள். நரைத்த புருவத்துக்குச் சாயம் பூசுவார்கள். துஷ்டக் குதிரைக்குக் கொள்ளோடு அபின் கலந்து கொடுத்துச் சாதுவாக்கிக் கொண்டுவருவார்கள். மூன்றாம் நாள் அது சுவரை உதைக்கும். ஆகவே சாது என்று சொல்லி வருகிற குதிரையிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

வைத்தியநாத ஐயர் மயிலாப்பூரில் பெரிய பிராக்டீஸ் உள்ள வக்கீல். ஐம்பத்து மூன்று வயது. ரத்த அழுத்தத்துக்குக் காற்றாடச் சவாரி போகும்படி டாக்டர் சொல்லியிருந்தார். இளம் வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் குதிரை ஏறிப் பழகியவர். எங்களிடம் வந்தபோது அவர் மனசில் இருந்தது ரேஸிலிருந்து கழித்த உயரமான ஆஸ்திரேலியக் குதிரை.

நான் வேண்டாம் என்றேன். அப்படிப்பட்ட குதிரை ஓடவென்றே வளர்ந்தது. ஒரு காகிதம் பறந்தாலும் மிரளும். நம் வெயிலும் ஒத்துக்கொள்ளாது, காலும் சீக்கிரம் கெடும். மெதுவாக உலாத்திவிட்டு வர நாட்டு மட்டக்குதிரைதான் சரி. பதின்மூன்று கை உயரம் போதும். ஒரு கை என்றால் நாலங்குலம். விழுந்தாலும் எலும்பு உடையாது. முதுகு அகலம், குளம்பு கெட்டி, தீனியும் கொஞ்சம்தான். பர்மாவிலிருந்து கப்பலில் வரும் பெகுக் குதிரை ஒன்று லாயத்தில் இருந்தது. நல்ல பலசாலி. ஆனால் அதன் குட்டை நடையில் சவாரி செய்கிறவரின் குடல் குலுங்கும். தக்காணி அப்படியில்லை. மலையேறிப் பழகிய ஜாதி, கால் தடுமாறாது, நடையும் மெத்தென்று இருக்கும்.

"நான் என்ன கோட்டையைப் பிடிக்கவா போறேன்? தக்காணியே இருக்கட்டும்" என்றார் ஐயர்.

ராயப்பேட்டை காதர் பாய் அந்த வெள்ளை மூஞ்சியைக் கொண்டுவந்தார். பரம்பரையாகக் குதிரை வியாபாரம். முகம் முழுக்க வெள்ளை, ஒரு கண் நீலம் பாய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் செம்மண் நிறம்.

"வேலூர் பக்கத்துல கல்யாண ஊர்கோலத்துக்கு ஓட்டிக்கினு இருந்தாங்கோ ஸார். காதுகிட்ட வெடி வெடிச்சாக்கூட சும்மா நிக்கும். அவ்ளோ பழக்கம் கீது" என்றார்.

எனக்கு உடனே அபின் ஞாபகம் வந்தது. "மூணு நாள் இங்கே கட்டுங்க பாய். எங்க தீனி, எங்க தண்ணி."

அவர் முகம் சுருங்கியது. "எம்மேல சந்தேகமா ஸார்?"

"எல்லார் மேலயும்தான்."

பல் பார்த்தேன், ஒன்பது வயது, அராவல் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் உடம்பைத் தேய்த்தேன், சாயம் இல்லை. நீலக் கண்ணின் அருகே விரலை ஆட்டினேன், பார்வை சரி. அப்போது புதிதாகப் போட்டிருந்த தியாகராய நகர் ரோடுகள் அகலமாக, ஆளில்லாமல் கிடக்கும். அங்கே கொண்டுபோய் நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்த்தேன். நொண்டல் இல்லை, மூச்சும் சுத்தம். முன்னால் நின்று குடையைப் பட்டென்று விரித்தேன். ஒரு எட்டு பின்வாங்கி, மறுபடி வந்து முகர்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் போய் நான்காம் நாளும் வந்தது. சுவரை உதைக்கவில்லை.

குறை இல்லாத குதிரையைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்குத் தூக்கம் வராது. எதையோ கோட்டை விடுகிறோம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எதை என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலை ஐயரை ஏற்றி, நானும் ஒரு லாயக் குதிரையில் பின்னால் கிளம்பினேன். அன்றுதான் அந்த பஸ்.

3. கிணற்றடி

அன்று ஐயர் வீட்டில் வைத்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. மாட வீதியைத் தாண்டி வீட்டு வாசலுக்குள் நுழைந்தபோது காதர் பாய் வந்து காத்திருந்தார். ஐயரின் மனைவி விசாலாட்சி அம்மாள் படியில் நின்றுகொண்டிருந்தார். நான் குதிரையிலிருந்து குதித்ததுமே பாயிடம் போனேன்.

"என்ன குடுத்தீங்க பாய்? நேத்து ராத்திரி லாயத்துக்கு யாரை அனுப்பினீங்க? பஸ் முதுகுல ஏறப் போச்சு, அது மரக்கட்டை மாதிரி போவுது. அபின் இல்லாம எந்தக் குதிரையும் அப்படிப் போகாது!"

"வாய அடக்கிப் பேசு ஸார்! எங்க வாப்பா காலத்துலேர்ந்து இந்தத் தொழில் செய்றோம். என்னிய திருடன்னு சொல்ற மொத ஆளு நீதான்!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பக்கத்துக் கிணற்றடியில் வேலைக்காரி கை நழுவி, தண்ணீர் நிறைந்த பித்தளைக் குடம் கருங்கல்லில் விழுந்தது. வீடே அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம். மதிலில் இருந்த காக்கைகள் எழும்பின. என் லாயக் குதிரை கடிவாளத்தை இழுத்துக்கொண்டு குதித்தது. பாயும் நானும் சண்டையை மறந்து திரும்பினோம்.

வெள்ளை மூஞ்சி குனிந்து புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் காது மடல் ஒரு நூல்கூட அசையவில்லை.

பாய்தான் முதலில் பேசினார். "யா அல்லா! இதுக்குக் காது கேக்கலை ஸார்."

நான் அதன் பின்பக்கம் போய்க் கை தட்டினேன். விசில் அடித்தேன். ஒன்றும் இல்லை. என் தப்பு அப்போதுதான் விளங்கியது. நான் செய்த சோதனை எல்லாமே அதன் கண்ணுக்கு முன்னால். லாயத்தில் மற்றக் குதிரைகள் தலை தூக்கும்போது இதுவும் பார்த்துத் தூக்கியிருக்கும். வெள்ளை முகமும் நீலக் கண்ணும் உள்ள குதிரைகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று பிற்பாடு ஒரு மிருக வைத்தியர் சொன்னார். வெடிக்குப் பயப்படாததைப் பழக்கம் என்று பாய் நம்பியிருக்கிறார். பாவம், உண்மையாகவே நம்பியிருக்கிறார்.

"அம்மா, நல்ல வேளை..." என்று விசாலாட்சி அம்மாளிடம் சொல்ல வந்தேன். அவர் குதிரையைப் பார்க்கவில்லை. ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குடம் விழுந்ததற்கும் அவர் திரும்பவில்லை. நான் கை தட்டியதற்கும் திரும்பவில்லை.

அம்மாள் மெதுவாக, "ஏன்னா" என்று கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் பலமாக, "ஏன்னா!" மூன்றாவது முறை அவர் குரல் உடைந்தது. ஐயர் குதிரையிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மாள் இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டார்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, "என்ன விசாலம்?" என்றார். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் அம்மாள். இந்தத் தடவை அவர் முகத்துக்கு நேரே நின்று.

"ஒரு வருஷமாச்சு. முன்னாடி நின்னு பேசினா உதட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன். கோர்ட்டிலே ஜட்ஜ் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கறதில்லே. வெளியிலே தெரிஞ்சா எவன் கேஸ் குடுப்பான்?"

"கூப்பிட்டாத் திரும்பறதில்லே. பேசினாப் பாதியிலே எழுந்து போயிடறேள். உங்களுக்கு என் மேலே வெறுப்புன்னு நெனச்சேன். வேற எங்கேயோ மனசு போயிடுத்தோன்னுகூட நெனச்சு, ஒரு வருஷமா உள்ளுக்குள்ளே வெந்துண்டிருக்கேன்." அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

நானும் பாயும் மதில் ஓரம் போய் நின்றோம். அங்கே நான் பாயின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே விட்டுக்கொடுக்கவில்லை. "நாலு பேரு முன்னால கேட்டே. மன்னிப்ப மூலையில வந்து கேக்குறியே?" என்றார். நியாயம்தான். ஐயர் முன்னாலேயே இன்னொரு முறை கேட்டேன்.

4. காதுக்காக ஒரு குதிரை

ஐயர் அந்த வெள்ளை மூஞ்சியையே வேண்டும் என்றார். "அதுவும் நானும் ஒரே ஜாதி ஆயிட்டோமே!"

நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். "ஐயா, காது கேக்காத குதிரையை நான் குறை சொல்ல மாட்டேன். காது கேக்காதவர் சவாரி செய்யக் கூடாதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது காது கேக்கணும். இன்னிக்கு பஸ்காரன் வளைச்சான். நாளைக்கு வளைப்பானா?"

பாய் குறுக்கே வந்தார். "ஸார், குஜராத் பக்கத்து கத்தியவாடிக் குதிரை பாத்துக் கீறீங்களா? அதும் காது தேள் கொடுக்காட்டம் உள்ள வளைஞ்சிருக்கும். எங்கியாவது இலை விழுந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பும். எங்கிட்ட ஒரு பொட்டைக் குதிரை கீது. பன்னெண்டு வயசு, கோவமெல்லாம் அடங்கிப் போச்சு."

அந்த ஜாதிக்குச் சுறுசுறுப்பு அதிகம் என்று இத்தகைய சவாரிக்கு நான் சிபாரிசு செய்ததே இல்லை. ஆனால் பாய் சொன்னதில் விஷயம் இருந்தது. குதிரையின் காது ரோட்டில் நடப்பதையெல்லாம் சொல்லும். ஏறியிருப்பவர் பார்த்தால் போதும். மறுநாள் அந்தப் பெண் குதிரையை லாயத்தில் கட்டினோம். இந்த முறை பின்னால் நின்று மணி அடித்தேன், காகிதம் கசக்கினேன். மடல் ஒவ்வொரு முறையும் சத்தம் வந்த பக்கம் திரும்பியது; குதிரை மட்டும் மிரளவில்லை. வயது செய்த வேலை அது.

பத்து நாள் ஐயருக்குக் கடற்கரை மணலில் ஒரே பாடம். இரண்டு காதும் முன்னால் நின்றால் கவலையில்லை. ஒரு காது பின்னால் திரும்பினால் அந்தப் பக்கம் ஏதோ வருகிறது. ஓரம் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். பிடரி மயிரோடு படிய இரண்டு காதையும் பின்னால் அமுக்கிக்கொண்டால் அது கோபம், இறங்கிவிட வேண்டும். சட்டப் புத்தகம் படித்தவர் அல்லவா, எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் கோர்ட்டில் வாதாடுவதை அவராகவே நிறுத்திக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து பத்திரம் பார்த்து அபிப்பிராயம் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். வெள்ளை மூஞ்சியை முதலியார் வாங்கி, நாங்கள் கயிறு பிடித்து நடத்திக் கற்றுக்கொடுக்கும் புதியவர்களுக்கு வைத்துக்கொண்டார். அந்த வேலைக்கு அதைவிட நல்ல குதிரை எங்களிடம் இருந்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுங்கள், அதில் தவறில்லை. ஆனால் நான் விற்கிறவனையும் குதிரையையும் மட்டும் சந்தேகப்பட்டேன். ஏறப் போகிறவரை ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. என் சோதனையில் எந்தப் பக்கம் ஓட்டை என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. அதற்குப் பிறகு குதிரை வாங்க யார் வந்தாலும், அவர் லாயத்தைச் சுற்றிப் பார்க்கும்போது பின்னால் நின்று ஒரு முறை மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் குதிரையின் லாடம் பார்க்க ஐயர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயர் குதிரை ஏறி வாசலைத் தாண்டி வீதியில் இறங்கிவிட்டார். அம்மாள் படியில் நின்று, சாதாரணக் குரலில், "ஏன்னா, அங்கவஸ்திரத்தை மறந்துட்டேளே" என்றார். குதிரையின் இடது காது பின்னால் திரும்பியது. ஐயர் அதைப் பார்த்தார். உடனே கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அம்மாள் என்னிடம், "பாத்தியாப்பா? இப்போல்லாம் ஒரு தடவை கூப்பிட்டாலே போறும்" என்று சொல்லிவிட்டு, அங்கவஸ்திரத்தை எடுக்க உள்ளே போனார்.